கண்புரை அறுவையும் பிற்பேணலும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

1. முன்னுரை

கண்புரை அறுவையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கருவியின் வரலாற்றையே எழுதினர். ஊசியிருந்த இடத்திற் கத்தி வந்தது. கத்தியிருந்த இடத்தில் ஒலியலைக் கருவி வந்தது என்னும் முறையில் அவ்வரலாறு அமையும். அறுவை முடிந்தபின் நோயாளி எத்தனை நாள் கிடந்தார், அவர் அருகில் யார் இருந்தனர், கட்டவிழ்த்தபோது கண்டது யாது, ஓராண்டு கழிந்தபின் அக்கண் எந்நிலையில் இருந்தது என்னும் வினாக்கள் அதில் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. அவ்வினாக்களை நடுவிடத்தில் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்குத் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து பேணுவோனையும் அது நான்காம் கூறாக வைத்து எண்ணுகின்றது. முதன் மூன்றையும் பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. நான்காம் கூறு எழுதப்படாத வரலாறாகவே உள்ளது. கண்புரை அறுவையைப் பொறுத்தமட்டில், அந்நான்காம் கூறே முறைகளின் உயர்வு தாழ்வை முடிவு செய்தது என்பதைக் கீழ்வரும் சான்றுகள் காட்டும்.

2. பெயரும் பொருளும்

நோயின் பெயர்களை முதற்கண் நோக்குதல் வேண்டும். உரோமர் இந்நோயை வழிந்து பரவும் நீர்மம் எனக் கருதிப் பெயரிட்டனர். அரபு மருத்துவர் மேலிருந்து இறங்கும் நீர் என்றனர். ‘கேடராக்ட்’ என்னும் மேனாட்டுச் சொல்லும் அருவி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்ததே. மூளையிலிருந்து இறங்கிய நீர் கண்ணின் முன்புறத்தில் உறைந்து திரையாகின்றது என்பது அக்காலத்தார் கொள்கை. ஆதலின், அத்திரையை ஊசியால் ஒதுக்கினால் பார்வை வரும் என அவர்கள் கருதியது இயல்பேயாகும்.

வடமொழி மருத்துவ நூலார் கண்ணைப் பல படலங்களாகப் பகுத்து, நோய் ஒவ்வொரு படலமாக ஊடுருவிச் செல்லும் என்றனர். அப்படலம் என்னும் சொல் தமிழிலும் வழங்கிக் கண்மறைக்கும் மூட்டத்தைக் குறிப்பதாயிற்று. தமிழ்ச் சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு எனத் தொகை கூறும். நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயனவிதி அவ்வகை நூல்களுள் ஒன்று. இன்று பொதுவழக்கில் நிலைத்திருப்பது ‘புரை’ என்னும் சொல்லே. உட்டுளை, குற்றம் என்னும் பொருள்களை உடைய அச்சொல், மேலே படர்ந்த திரையினும் உள்ளே நேர்ந்த கேட்டையே சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. உண்மையும் அதுவே. கண்ணின் உள்ளே பார்வையைக் குவிக்கும் விழிவில்லை தன் தெளிவை இழத்தலே புரை. திரை யாதும் புதிதாகப் படர்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியர் கண்களை அறுத்து ஆராய்ந்த பின்னரே இவ்வுண்மை அங்கு நிலைபெற்றது.

3. ஊசிமுறையும் அசையாக் கிடக்கையும்

புரை அறுவையின் மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்று சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரத்தில் உள்ளது. அந்நூல் பல நூற்றாண்டுகளில் உருப்பெற்றது என்பதும், உத்தர தந்திரம் பிற்சேர்க்கையாகலாம் என்பதும் ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. விழியின் வெண்பகுதியில் உரிய இடத்திற் கோலைச் செலுத்தி மறைப்பை நீக்கும் முறையை அது கூறுகின்றது. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது அதன்பின் வரும் பகுதியாகும். கண்ணில் நெய்யிட்டுத் துணியாற் கட்டி, காற்றும் புகையும் புகாத அறையில் நோயாளியை மல்லாந்து கிடக்கச் செய்தல் வேண்டும். ஏப்பம், இருமல், தும்மல், உமிழ்தல், உடலை அசைத்தல் ஆகியன விலக்கப்படும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டவிழ்த்துக் கழுவுதலும், பத்து நாள் இவ்வொழுக்கத்தைக் காத்தலும் விதிக்கப்படுகின்றன.

அந்நூல் அத்துடன் நில்லாது, பிழைபட்ட இடத்திற் குத்துவதாலும் நோயாளி ஒழுக்கம் தவறுவதாலும் வரும் தீங்குகளையும் பட்டியலிடுகின்றது. சிவப்பு, வீக்கம், கட்டி, கடுநோவு, மாறுகண் முதலியன அதில் இடம்பெறும். ஆக, தோல்வியை ஒளியாது கூறி, அதன் காரணத்தைக் குத்தியவன்பாலும் கிடந்தவன்பாலும் தேடும் முறை அந்நூலிலேயே காணப்படுகின்றது.

கிறித்துவுக்குப்பின் முதல் நூற்றாண்டில் உரோம நாட்டுச் செல்சசு எழுதிய மருத்துவ நூலும் இத்தகைய விதிகளையே தருகின்றது. முட்டையின் வெண்கருவில் தோய்த்த கம்பளி மயிரைக் கண்மீது வைத்துக் கட்டுதல், ஓய்வு, உணவைக் குறைத்தல் என்பன அவர் கூறுவன. தாடை அசைதலால் கண் அலையாதிருக்க, முதலில் நீர்ம உணவே தரவேண்டும் என்பது அவர் கட்டளை.

ஒன்றற்கொன்று மிகச் சேய்மைப்பட்ட இவ்விரு நூல்களும் இருமலையும் தாடையசைவையும் ஒருங்கே அஞ்சியது ஏன்? ஊசிமுறையில் விழிவில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. பார்வை செல்லும் வழியினின்று அது கண்ணின் உட்கூழினுள் தள்ளப்படுகின்றது, அவ்வளவே. தள்ளிய வில்லை சிறிது அசைவிலும் மீண்டும் மேலெழக்கூடும். மேலெழாவிடினும், உள்ளே கிடந்து அழற்சியை விளைக்கும். கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும். ஆதலின் அசையாக் கிடக்கை என்பது வெறும் ஆசாரமன்று. அம்முறையின் அடிப்படைக் குறையை நோயாளியின் உடலால் ஈடுசெய்யும் முயற்சி. ஒரு முறையில் உள்ள குறை எதுவோ அதுவே அம்முறையின் பத்தியமாக வெளிப்படும் என்னும் இவ்வுண்மை, பின்வரும் காலங்களுக்கும் பொருந்தும்.

4. அகன்று சென்றோர்

ஊசிமுறை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்தமைக்குக் காரணம் யாது? அது உடனே பயன் காட்டியது என்பதே விடை. குருடராய் வந்தவர் குத்திய அப்பொழுதே விரல்களை எண்ணிக் காட்டுவர். கூடியிருந்தோர் வியப்பர், கூலியும் கைக்கு வரும். தீங்கு வருவது சில நாள் அல்லது சில திங்கள் கழிந்த பின்னராம். அதற்குள் குத்தியவர் அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். அவர் கண்டதெல்லாம் வெற்றியே. ஆகவே அவர் சொன்னதும் வெற்றியே. அவர் பொய்யரென்பது எல்லா இடத்தும் பொருந்தாது. தோல்வியைக் காணும் வாய்ப்பே அவருக்கு அமையவில்லை.

இதற்கு உலகறிந்த சான்று செர்மானிய இசை மேதை யோகான் செபாசுதியன் பாக் என்பாரின் வாழ்விறுதியாகும். 1750ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில், ஊர்தோறும் சென்று கண்ணறுவை செய்துவந்த ஆங்கிலேயராகிய சான் டெய்லர் இலைப்சிக்கு நகரில் அவர் கண்ணில் ஊசியிட்டார். சில நாட்களில், ஏப்பிரலில், மறுமுறையும் அறுவை நிகழ்ந்தது. தள்ளப்பட்ட வில்லை மீண்டும் மேலெழுந்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர் சிலரின் உய்த்துணர்வு. டெய்லர் தம் செலவைத் தொடர்ந்தார். பாக்கோ பார்வையை முற்றும் இழந்து, நலிவுற்று, அவ்வாண்டு சூலை 28ஆம் நாள் இறந்தார். 1754இல் வெளிவந்த இரங்கலுரை, அறுவை பயனளிக்காததையும், அதன்பின் கொடுத்த மருந்துகள் நலமாயிருந்த உடலைக் கெடுத்ததையும் குறிக்கின்றது. அவ்விரங்கலுரையை எழுதியோருள் ஒருவர் அவர்தம் மகன். அறுத்தவர் எழுதாத வரலாற்றை உடனிருந்தோரே எழுதவேண்டியதாயிற்று என்பது ஈண்டுக் கருதற்பாலது.

5. தஞ்சைச் சான்று

அகன்று சென்றோர்க்கு மாறாக, நின்று குறித்தோரும் இருந்தனர். அவ்வகையில் தமிழ்நாட்டின் சான்று ஒன்று தனிச்சிறப்புடையது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்து, நம் நாட்டு மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் ஒருங்கே பயிலச் செய்தவர். அவர் காலத்துக் கண்ணோயாளர் குறிப்புக்கள் சரசுவதி மகால் நூலகத்திற் காக்கப்பட்டுள்ளன. நாற்பத்துநான்கு நோயாளரைப் பற்றிய குறிப்புக்கள் அவற்றுள் உள்ளன. அவற்றுட் சில, நோயுற்ற கண்ணின் தோற்றத்தை வண்ண ஓவியமாகத் தீட்டிக்காட்டும் சிறப்புடையன. கண்புரை அறுவைகளும் அவற்றுள் இடம்பெறுகின்றன. இக்குறிப்புக்களை இந்நூற்றாண்டிற் கண் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

மன்னர் ஒருவர் அறுவைக் கருவிகள் வைத்திருந்தார் என்பதே பலர் வியந்து பேசும் செய்தி. நம் நோக்கில் கருவிப் பெட்டியினும் குறிப்பேடே பெரிது. ஒரு கண்ணை ஓவியமாகத் தீட்டி வைப்பவன், அக்கண்ணை மறுமுறையும் காண எண்ணுகின்றான். முன்னிருந்த நிலையையும் பின்வந்த நிலையையும் ஒப்பிடுவதற்கு அவ்வோவியம் அளவுகோலாகின்றது. நினைவு வெற்றியை மட்டும் பற்றிக்கொள்ளும்; ஏடோ இரண்டையும் வைத்திருக்கும். கண் மருத்துவம் அறிவியலாக மாறுவது ஏட்டில் எழுதத் தொடங்கும்போதே எனின், அத்தொடக்கத்தின் ஒரு கூறு காவிரிக்கரையிலும் நிகழ்ந்ததெனலாம்.

6. வெளியேற்றும் முறையும் அதன் விலையும்

பிரெஞ்சு நாட்டுச் சாக்கு தாவியேல் 1747இல் வில்லையைத் தள்ளாது, கருவிழியைத் திறந்து அதனை வெளியே எடுத்தார். 1752இல் பாரிசு அறுவை மருத்துவக் கழகத்தின் முன் தம் முறையை விளக்கினார். உள்ளே கிடந்து தீங்கு செய்த வில்லை இனி உள்ளே இராது. ஆயின், ஊசித்துளையிருந்த இடத்தில் இப்பொழுது பெரும் புண் வந்தது. அப்புண்ணைத் தைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மரப்பு மருந்தும் இல்லை. நுண்ணுயிரைப் பற்றிய அறிவும் இல்லை. புண்வழியே கதிராளி பிதுங்குதலும், உட்கூழ் வழிதலும், சீழ் பிடித்தலும் புதிய தீங்குகளாயின.

குறை மாறியதால் பத்தியமும் மாறியது, ஆனால் தளரவில்லை. இரு கண்களையும் கட்டி, இருட்டறையில், தலையின் இருமருங்கும் மணல் மூட்டைகள் வைத்து, நோயாளியைப் பல நாள் மல்லாந்து கிடத்தினர். முன்னே வில்லை எழாதிருக்க அசையாமை வேண்டப்பட்டது. இப்பொழுது புண் வாய் திறவாதிருக்க அது வேண்டப்பட்டது. முதியோர் பலர் இக்கிடக்கையால் மனந்தடுமாறினர், நுரையீரல் நோயுற்றனர், படுக்கைப் புண் கண்டனர். கண்ணைக் காக்க உடலைப் பணயம் வைத்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி இந்நிலையைப் படிப்படியாக மாற்றியது. இலிச்டர் 1867இல் வெளியிட்ட நச்சுக்கொல்லி முறை சீழைக் குறைத்தது. 1884இல் கார்ல் கோலர் கோக்கேயின் நீர்மத்தால் கண்ணை மரக்கச் செய்யலாம் எனக் காட்டினார். புண்ணைத் தைக்கும் முயற்சி அந்நூற்றாண்டின் அறுபதுகளிலேயே தொடங்கினும், அதற்கேற்ற நுண்ணூசியும் நுண்ணிழையும் வந்த பின்னரே, இருபதாம் நூற்றாண்டில், அது பொதுவழக்காயிற்று. தையல் வந்தபின் நோயாளி எழுந்து அமர்ந்தார். கிடக்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது கத்தியன்று, ஊசியும் நூலுமே.

ஓவியர் குளோது மோனே என்பாரின் வரலாறு இவ்விடைக்காலத்தைத் தெளிவாகக் காட்டும். 1912இல் அவர்க்குப் புரை உண்மை அறியப்பட்டது. அறுவைக்கு அஞ்சிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஒத்திவைத்தார். 1923ஆம் ஆண்டு தொடக்கத்தில் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அசையாது கிடக்கும் கட்டளை எண்பதாண்டு முதியவரை வாட்டியது; அவர் பொறுமையிழந்து மருத்துவரோடு பிணங்கினார். சில திங்களில் வில்லையின் எஞ்சிய உறை மங்கிப் பார்வையை மறைக்கவே, அவ்வாண்டு சூலையில் மீண்டும் ஓர் அறுவை வேண்டியதாயிற்று. அதன்பின் வண்ணங்கள் மாறித் தோன்றின. நீலம் மிகுந்து தெரிந்தது. தடித்த கண்ணாடி பொருள்களை வளைத்துக் காட்டியது. நிற ஆடிகளைப் பலவாறு மாற்றியபின் ஓரளவு அமைதியுற்று, 1926இல் இறக்குமுன் தம் பெரும் நீர்ப்பூ ஓவியங்களைத் தொடர்ந்தார். அறுவை வெற்றி என்பதும் பார்வை மீட்சி என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

7. சென்னைச் சான்று

1819இல் சென்னையிற் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது. இலண்டன் மூர்பீல்சு மருத்துவமனைக்கு அடுத்த பழமையுடையதாக அது கருதப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த இராபர்ட்டு என்றி எலியட்டு, ஊசிமுறையின் பிற்பயனை நேரிற் கண்டவர். நாட்டுப்புறத்திற் குத்தப்பட்ட கண்கள், கெட்டபின் அவர் மருத்துவமனைக்கே வந்தன. நோவு பொறுக்கமாட்டாமையால் அகற்றப்பட்ட கண்களை அவர் அறுத்து ஆராய்ந்தார். தள்ளப்பட்ட வில்லை எங்கே கிடந்தது, எதனோடு ஒட்டியது, அழுத்தம் எவ்வாறு உயர்ந்தது என்பனவற்றைப் பதிவு செய்தார். 1917ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இந்திய ஊசிமுறையைப் பற்றிய நூலாக வெளிவந்தன.

எலியட்டின் நூலில் ஆங்கில ஆட்சிக்கால மருத்துவரின் செருக்கும் நாட்டு மருத்துவர்பால் எள்ளலும் இல்லாமலில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டு நோக்கினும், அவர் வினவிய வினா நேரியது: குத்திய நாளிற் கண்ட பார்வை பின்னும் நின்றதா? அவ்வினாவை வினவ, நோயாளர் திரும்பி வரும் ஒரு நிலையான இடம் வேண்டும். அகன்று செல்லும் மருத்துவனுக்கும் நிலைத்து நிற்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தோல்வி வந்து சேரும் வாயில் ஒன்று திறந்திருப்பதே மருத்துவமனையின் முதற் பெருமை.

8. செயற்கை வில்லை

வில்லையை எடுத்தபின் கண்ணுக்கு வில்லையில்லை. ஆதலின் தடித்த புறக்கண்ணாடி இன்றியமையாததாயிற்று. அது பொருள்களை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பெரிதாக்கும். பக்கப் பார்வையைக் குறைக்கும். உடைந்தால் நோயாளி மீண்டும் குருடரே. தமிழகத்துச் சிற்றூர்களில் நடந்த கண் முகாம்களை அறிந்த முதியோர்க்கு, பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் பாயில் படுத்திருந்த நோயாளரும், பின்னர் அவர்கள் அணிந்த தடித்த கண்ணாடியும் நினைவில் இருக்கும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே செயற்கை வில்லை. இரண்டாம் உலகப் போரில் வானூர்தியின் பெர்ஸ்பெக்ஸ் மூடி சிதறி வீரர் கண்ணிற் பாய்ந்த துணுக்குகள், பல காலம் உள்ளே கிடந்தும் பெரிய அழற்சியை விளைக்காதிருந்ததை அரால்டு இரிட்லி கண்டார். இதுவும் காத்திருந்து கண்டதன் பயனே. 1949ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் முதல் அறுவை நடந்தது; 1950ஆம் ஆண்டு பிப்ரவரியில் வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது. முதல் வில்லையின் ஆற்றல் அளவுக்கு மிகுந்திருந்தது; நோயாளிக்குப் பெரிய கிட்டப்பார்வை நேர்ந்தது. பின்வந்த சில கண்களில் வில்லை இடம்பெயர்ந்தது. சிலவற்றில் அழற்சியும் உயரழுத்தமும் கண்டன. அக்காலத்துப் பெரியோர் பலர் அவர் செயலைக் கடிந்தனர். அக்கடிதலிலும் ஓரளவு நேர்மை உண்டு. நலமாய் முடிந்த அறுவையில் புதிய இடரைப் புகுத்துவது தகுமா என்பது அவர் வினா. அடுத்த முப்பதாண்டுகள் அவ்விடர்களை ஒவ்வொன்றாய் அறிந்து நீக்குவதிலேயே கழிந்தன. இரிட்லியே முதுமையில் தம் இரு கண்களிலும் செயற்கை வில்லை பெற்றார்.

1967இல் அமெரிக்கரான சார்லசு கெல்மன் ஒலியலையால் வில்லையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்த புண் இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்துள்ளது. அது தையலின்றித் தானே மூடும். மதுரையில் 1976இல் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்து கண் மருத்துவமனையும், அதன் சார்பாக 1992இல் தொடங்கிய அரோலேப் என்னும் வில்லை உற்பத்தி நிலையமும், இச்செயற்கை வில்லையை எளியோர்க்கும் எட்டச் செய்தன. முகாமிலேயே அறுக்கும் வழக்கம் குறைந்து, முகாமிற் கண்டறிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அறுக்கும் வழக்கம் வளர்ந்தது. நின்று பேணும் இடத்திலேயே அறுவை நிகழவேண்டும் என்னும் பாடம் இதனால் நடைமுறையாயிற்று.

9. இக்காலத் தீங்குகளும் அவற்றின் காலமும்

இன்று நோயாளி அறுவை நாளிலேயே வீடு திரும்புகின்றார். பெரும்பாலோர்க்குச் சில நாளிற் பார்வை தெளிகின்றது. தீங்குகள் மிகக் குறைந்துள்ளன, ஆனால் மறைந்துவிடவில்லை. அவை ஒவ்வொன்றும் தமக்குரிய காலத்தில் வருவன. அக்கால முறையை அறிதலே பிற்பேணலின் சாரமாகும்.

முதல் நாளில் வருவது கண்ணழுத்த உயர்வும் கருவிழி வீக்கமும். கண் வலியும் தலைவலியும் குமட்டலும் முன்னதைக் காட்டலாம். புகைபடிந்த பார்வை பின்னதைக் காட்டும். இவை பெரும்பாலும் மருந்தால் அடங்குவன.

முதல் ஒன்றிரண்டு வாரங்களில் அஞ்சத்தக்கது கண்ணின் உட்சீழ். நுண்ணுயிர் உட்புகுந்து கண்ணையே அழிக்கும் இந்நோய் அரிது. ஆயினும் மணிக்கணக்கிற் பெருகுவது. சிவப்பு, பார்வைக் குறைவு, வலி என்பன அதன் அடையாளங்கள். வலி இல்லையெனின் அஞ்சவேண்டுவதில்லை என்னும் எண்ணம் தவறானது. 1995இல் அமெரிக்காவில் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், இந்நோயுற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு வலி இல்லை. தெளிந்து வந்த பார்வை மீண்டும் மங்குவதே வலியினும் உறுதியான எச்சரிக்கை.

இந்நோயைத் தடுப்பதில் தமிழகத்தின் பங்கு பெரிது. அறுவை முடிவில் மாக்சிபிளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணினுள்ளேயே செலுத்துவதன் பயனை அரவிந்து மருத்துவமனையினர் ஆராய்ந்தனர். 2017இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகளை அடிப்படையாகக் கொண்டது. மருந்து செலுத்தாத காலத்தில் நூற்றுக்கு 0.07 ஆக இருந்த உட்சீழ், செலுத்திய காலத்தில் 0.02 ஆகக் குறைந்தது. பதினாயிரத்தில் எழுவர்க்கு வந்த நோயை இருவர்க்கு வருவதாகக் குறைத்தமையைக் காண, இலட்சக்கணக்கான கண்களை அறுவைக்குப்பின் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும். தஞ்சையில் நாற்பத்துநான்கு குறிப்புக்களாக இருந்த ஏடு மதுரையில் ஆறு இலட்சமாக விரிந்தது எனின் மிகையாகாது.

நான்கு முதல் ஆறு வாரங்களில் வருவது விழித்திரையின் நடுப்பகுதி வீக்கம். இர்வின் 1953இலும், காசு முதலியோர் 1966இலும் இதனை விளக்கினர். வலியும் சிவப்பும் இன்றி, நன்றாயிருந்த பார்வை மந்தமாகும். படிக்குங்கால் எழுத்துக்கள் வளையலாம். நீரிழிவு உடையோர்க்கு இது மிகுதி.

சில திங்கள் அல்லது சில ஆண்டுகள் கழித்து, செயற்கை வில்லையைத் தாங்கும் பின்னுறை மங்கலாம். மோனேயை மறுமுறையும் அறுவை மேசைக்கு இழுத்த அதே குறை இன்று கத்தியின்றி, லேசர் ஒளியாற் சில நிமிடத்தில் தீர்க்கப்படுகின்றது.

எக்காலத்தும் வரக்கூடியது விழித்திரை பிரிதல். மின்னல் போன்ற ஒளி, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை என்பன அதன் குறிகள். கிட்டப்பார்வை மிக்கோர் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். இக்குறி கண்டால் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.

10. சொல்லும் பேணலும்

இங்குத் தமிழ்ப் புலவர்க்குரிய கடமை ஒன்று எழுகின்றது. பத்து நாள் உடனிருந்து பார்த்த மருத்துவமனையின் பொறுப்பு, இன்று வீட்டிலுள்ள மகன்மேலும் மருமகள்மேலும் விழுந்துள்ளது. அவர்கட்குக் கருவி இல்லை. சொல் மட்டுமே உண்டு. அச்சொல் தெளிவாக இல்லையெனின் காவலும் தெளிவாக இராது.

வழக்கிலுள்ள சில சொற்கள் பழைய முறைகளின் எச்சங்கள். ‘புரை முற்றவேண்டும்’ என்பது அவற்றுள் ஒன்று. முற்றிய புரையே எளிதில் வெளிவரும் என்பது முற்கால அறுவைக்குப் பொருந்திய விதி. இன்று மிக முற்றவிடுதல் அறுவையைக் கடினமாக்கும். முறை மாறியும் சொல் மாறாமையால், முதியோர் பலர் வீணே காத்திருக்கின்றனர். மற்றொன்று, ‘புரை மீண்டும் வளர்ந்துவிட்டது’ என்பது. எடுத்த வில்லை மீண்டும் வளராது, மங்கியது பின்னுறை. இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால், செய்த அறுவை பழுதென மக்கள் எண்ணி, எளிய மருத்துவத்தையும் நாடாது விடுகின்றனர். ‘பின்னுறை மங்கல்’ போன்ற ஒரு தொடர் வழக்கூன்றுமாயின் இம்மயக்கம் நீங்கும்.

பத்தியத்தின் நிலையும் அத்தகையதே. தலை அசையாமை, தாடை அசையாமை என்னும் பழைய விலக்குகள் பெரும் புண்ணுக்கும் தள்ளிய வில்லைக்கும் உரியவை. இன்று காக்கவேண்டுவன வேறு. கைகழுவிச் சொட்டு மருந்திடுதல், கண்ணைக் கசக்காமை, அழுக்கு நீர் கண்ணிற் படாமை, மருத்துவர் குறித்த நாள்வரை பளு தூக்காமை, நலமாயிருப்பினும் குறித்த நாளில் மருத்துவரைக் காணல் என்பன அவை. காரணம் கூறாது விலக்கை மட்டும் கூறின், மக்கள் பழைய விலக்கைக் காத்துப் புதியதைக் கைவிடுவர்.

11. முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவன: புரை அறுவையின் ஒவ்வொரு மாற்றமும், முன்னைய முறையின் பிற்பயனைப் பொறுமையோடு கண்டோராலேயே நிகழ்ந்தது. எழுந்து வந்த வில்லை வெளியேற்றும் முறைக்கும், வாய்விட்ட புண் தையலுக்கும், தடித்த கண்ணாடி செயற்கை வில்லைக்கும் வழி வகுத்தன. அகன்று சென்றோர் பெயர் பெற்றனர். நின்று பார்த்தோர் அறிவைப் பெற்றனர்.

இன்று அறுத்தவர் அகன்று செல்வதில்லை. நோயாளியே அன்று மாலை வீட்டுக்கு அகன்று செல்கின்றார். அவரோடு வீடுவரை செல்லத்தக்கது ஒரு தாளில் எழுதிய சில தமிழ்ச் சொற்களே. உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தின் நான்காம் கூறாக வைக்கப்பட்டவனின் கையில் அத்தாள் இருக்கின்றது. அதில் உள்ள சொற்கள் பிழையின்றியும் எளிமையாகவும் அமையுமாறு செய்தல், மருத்துவரும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து ஆற்றவேண்டிய பணியாகும்.